திருப்புகழைத் தேடித் தந்த பெருந்தகை
வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அவர்களின் வாழ்வும் பணியும்



தைப்பூசத் திருநாளிலும் கந்த சஷ்டி நாட்களிலும் நம் ஆலயங்களில் திருப்புகழ் ஒலிக்கிறது. பத்துமலைப் படிகளில் காவடி ஏந்திச் செல்வோரின் நாவிலும், பினாங்குத் தண்ணீர்மலையில் பால்குடம் சுமந்து ஏறும் தாய்மார்களின் நாவிலும், சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி சன்னதியில் கூடி நின்று பாடும் இளைஞர்களின் நாவிலும் அருணகிரிநாதப் பெருமானின் சந்தம் துள்ளி விளையாடுகிறது. பாடிய அருளாளரை நாம் அறிவோம். பாட்டுடைத் தலைவனாகிய வேலவனையும் அறிவோம். ஆனால் அந்தப் பாடல்கள் அழிந்தொழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே ஆவர்.

இப்பணியைச் செய்தவர் துறவியும் அல்லர், மடாதிபதியும் அல்லர், செல்வச் சீமானும் அல்லர். நாள்தோறும் நீதிமன்றம் சென்று அரசாங்கப் பணி புரிந்தவர். மனைவி மக்களோடு இல்லறம் நடத்தியவர். உரிய காலத்தில் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நம்மைப் போன்ற ஒரு குடும்பத் தலைவர் தம் ஓய்வு நேரத்தைக் கொண்டே எத்துணைப் பெரிய திருப்பணியைச் செய்து முடிக்கலாம் என்பதற்கு அன்னாருடைய வாழ்வே சான்றாகும். அவர்தாம் வ. த. சுப்பிரமணிய பிள்ளை அவர்கள்.

பிறப்பும் பணியும்

செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த வடக்குப்பட்டு என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1846-ஆம் ஆண்டு சுப்பிரமணிய பிள்ளை தோன்றினார். அவர் பெயரின் முன் நிற்கும் முதலெழுத்து அந்த ஊரையே குறிக்கும். அக்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் ஆங்கில ஆட்சியின் நீதிமன்றங்கள் வேரூன்றி வந்தன. ஆங்கிலமும் தமிழும் அறிந்த இளைஞர்களுக்கு அந்நீதிமன்றங்களில் எழுத்தர் வேலை கிடைத்தது. பிள்ளையவர்களும் அவ்வழியே பணியிற் புகுந்தார். தம் உழைப்பாலும் நேர்மையாலும் படிப்படியாக உயர்ந்து ஜில்லா முன்சீப் என்னும் நீதிபதிப் பதவியை அடைந்தார்.

முன்சீப் என்பவர் சிவில் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் முதற்படி நீதிபதியாவார். நிலத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, கோயில் உரிமை எனச் சாதாரண மக்களின் வழக்குகள் முதலில் அவரிடந்தான் வரும். எந்தப் பத்திரம் உண்மையானது, எது போலியானது, எந்தச் சாட்சி நம்பத் தக்கது, எது தகாதது என்று ஆராய்ந்து பிரிப்பதே அவருடைய அன்றாடத் தொழில். இந்தத் தொழிற்பயிற்சி பிற்காலத்தில் திருப்புகழ்ப் பணிக்கு எவ்வாறு கைகொடுத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வழக்குக் கட்டில் கிடைத்த மாணிக்கம்

1871-ஆம் ஆண்டு. பிள்ளையவர்களுக்கு அப்போது வயது ஏறக்குறைய 25. கடலூரை அடுத்த மஞ்சக்குப்பத்தில் தென்னார்க்காடு ஜில்லாவின் நீதிமன்றம் இருந்தது. அங்கே அவர் அலுவல் பார்த்து வந்தார். சிதம்பரம் அந்த ஜில்லாவைச் சேர்ந்த தலமாதலால், தில்லைக் கோயில் சம்பந்தமான வழக்கு ஒன்று அந்த நீதிமன்றத்திற்கு வந்தது. தில்லைவாழ் தீட்சிதர்கள் தங்கள் தொன்மையையும் பெருமையையும் நிலைநாட்டுவதற்காக அளித்த ஆவணத்தில் பழைய பாடல் ஒன்றைச் சான்றாகக் காட்டியிருந்தனர். வேத நெறி தவறாது நாள்தோறும் வேள்வி செய்யும் மூவாயிரம் அந்தணர் தில்லையிலே பூசனை புரிவதை அப்பாடல் குறிப்பிடுகிறது. அது அருணகிரிநாதர் அருளிய திருப்புகழ்ப் பாடலாகும்.

வழக்கறிஞர்கள் அதில் உரிமைச் சான்றைக் கண்டனர். இளைஞராகிய சுப்பிரமணிய பிள்ளையோ அதில் தேனைக் கண்டார். அப்பாடலின் சொல்லழகும் சந்தமும் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. ஒரு பாடலே இத்துணை இனிமை உடையதாயின் பதினாறாயிரமும் எங்கே போயின என்னும் கேள்வி அவருள் எழுந்தது. அவற்றைத் தேடிக் காண்பதே தம் வாழ்வின் பணி என்று அப்போதே உறுதி பூண்டார்.

ஏடுகள் அழிந்து வந்த காலம்

அருணகிரிநாதர் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர், 15-ஆம் நூற்றாண்டினர். அவர் தலந்தோறும் சென்று பாடிய பாடல்கள் நானூறு ஆண்டுக் காலம் ஓலைச் சுவடிகளிலும் ஓதுவோர் நினைவிலுமே தங்கியிருந்தன. பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. பூச்சியும் செல்லும் அரிக்கும். ஈரம் பட்டால் மக்கும். ஓரம் ஒடிந்து எழுத்து உதிரும். குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுத்தாலன்றி ஒரு நூல் பிழைத்திருக்க இயலாது. படியெடுக்கும் வழக்கமோ 19-ஆம் நூற்றாண்டில் அருகி வந்தது. பாட்டனார் போற்றி வைத்த ஏட்டைப் பேரன் படிக்க அறியாமல் பரணில் போட்டுவைத்த வீடுகள் பல. ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளும் உண்டு.

அதே காலத்தில்தான் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களும் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் அவர்களும் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டு வந்தனர். 1887-ஆம் ஆண்டில் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சேறின. 1892-இல் சிலப்பதிகாரம் வந்தது. 1894-இல் புறநானூறு வந்தது. சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் அவ்விரு பெரியோரும் செய்த பணியைத் திருப்புகழுக்குச் சுப்பிரமணிய பிள்ளை செய்தார்.

இன்னும் சில பத்தாண்டுகள் எவரும் முன்வராமல் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? மரபு கூறும் பதினாறாயிரத்தில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை ஏறக்குறைய 1,300 பாடல்களே. அந்த எஞ்சிய செல்வமும் கரைந்து போயிருக்கும். ஓதுவார் சிலர் அறிந்த ஒரு சில பாடல்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

தேடலும் திருத்தமும்

பிள்ளையவர்கள் தென்னாட்டின் பல ஊர்களிலும் ஏடுகளைத் தேடினார். அரசாங்கப் பணியில் மாற்றல் என்பது பலருக்குத் துன்பம். அவருக்கோ ஒவ்வொரு மாற்றலும் புதிய வட்டாரத்தில் ஏடு தேடும் வாய்ப்பாயிற்று. ஓலையும் காகிதப் படியுமாகக் கிடைத்தவற்றையெல்லாம் திரட்டினார்.

ஏடு கிடைத்துவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. உண்மையான துன்பம் அதன் பின்னரே தொடங்குகிறது. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்பெறா. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. எழுதினவர் காதால் கேட்டு எழுதியிருப்பின் ரகர றகரங்களும் லகர ளகர ழகரங்களும் மயங்கி நிற்கும். ஓர் ஏட்டில் ஒரு சொல் இருக்கும். மற்றோர் ஏட்டில் வேறு சொல் இருக்கும்.

இங்கேதான் திருப்புகழின் தனிச் சிறப்பாகிய சந்தம் துணை செய்கிறது. தத்தன, தந்தன, தானன என்று ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் ஓசை அமைப்பு உண்டு. முதல் அடியில் வல்லெழுத்து வந்த இடத்தில் எல்லா அடியிலும் வல்லெழுத்து வரவேண்டும். மெல்லெழுத்து வந்த இடத்தில் மெல்லெழுத்து வரவேண்டும். நெடிலுக்கு நெடிலும் குறிலுக்குக் குறிலும் நிற்கவேண்டும். ஆகவே ஓரிடத்தில் ஓசை இடறினால் அங்கே ஏடெழுதினவர் பிழை செய்துள்ளார் என்று உடனே விளங்கும். அருணகிரிநாதர் பாட்டை இனிமைப்படுத்த அமைத்த சந்தமே நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பாடலைக் காக்கும் வேலியாகவும் அமைந்தது.

ஒரே வழக்கில் இரண்டு சாட்சிகள் வேறு வேறாகச் சொன்னால் எதை ஏற்பது என்று ஆராய்ந்து பழகிய நீதிமன்ற அறிவு, இரண்டு ஏடுகள் வேறு வேறாகப் பாடம் காட்டியபோது பிள்ளையவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாமே எல்லாம் அறிந்தவர் என்ற செருக்கு அவரிடம் இல்லை. புலவர் பெருமக்களின் துணையை நாடிப் பாடல்களைத் திருத்தமுறச் செய்தார்.

அச்சேறிய அருள்நூல்

மஞ்சக்குப்பத்தில் அப்பாடலைக் கண்ட 1871-ஆம் ஆண்டிலிருந்து 23 ஆண்டுகள் கழித்து, 1894-இல் திருப்புகழின் முதற்பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1901-இல் வெளிவந்தது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் இத்திருப்பணி 30 ஆண்டுத் தவமாகும். இளைஞராகத் தொடங்கியவர் தலை நரைத்த பின்னரே அதன் பயனைக் கண்டார். இடைப்பட்ட காலத்தில் நீதிமன்ற அலுவலை அவர் விடவில்லை, குடும்பத்தையும் மறக்கவில்லை. ஒரு கடமைக்காக மற்றொரு கடமையைக் கைவிடாமல் அனைத்தையும் ஒருங்கே சுமந்து சென்றார்.

முதற்பாகம் அச்சான அந்த 1890-களில்தான் இம்மண்ணில் பத்துமலைக் குகையில் கே. தம்புசாமி பிள்ளை அவர்களின் முயற்சியால் வேல் நாட்டப்பெற்றுத் தைப்பூசம் தொடங்கியது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அதற்கு முன்னரே, 1859-இல், சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி ஆலயம் குடமுழுக்குக் கண்டிருந்தது. தமிழர் கடல் கடந்து குடியேறிய அந்நாளில், ஊர்க் கோயிலையும் ஓதுவாரையும் உடன் கொண்டுவர இயலாது. ஓலைக்கட்டு ஒருவர் வீட்டில் மட்டுமே இருக்கும். அச்சுப் புத்தகமோ ஆயிரம் பேர் கைக்குச் செல்லும். எந்தக் கப்பலிலும் ஏறும். எந்தத் தோட்டக் கோயிலுக்கும் வந்து சேரும். அவ்வகையில் பிள்ளையவர்கள் தாம் காணாத நாடுகளில் வாழ்ந்த அடியார்களுக்கும் சேர்த்தே பணி செய்துள்ளார்.

தணிகைத் தொண்டர்

சுப்பிரமணிய பிள்ளை திருத்தணிகைப் பெருமானிடம் ஆராத பக்தி பூண்டவர். தணிகை மலையே அவருடைய உள்ளம் இளைப்பாறும் இடமாயிற்று. 1883-ஆம் ஆண்டு மஞ்சக்குப்பத்தில் தமக்குப் பிறந்த மகனுக்குத் தணிகை முருகனின் திருநாமங்களுள் ஒன்றாகிய செங்கல்வராயன் என்னும் பெயரையே சூட்டினார்.

முருகனைப் போற்றியவர் சிவநெறியை மறந்தாரல்லர். சிவத்தலங்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டிச் சிவஸ்தல மஞ்சரி என்னும் நூலையும் ஆக்கினார். தல யாத்திரை செய்ய விரும்பும் அடியார்கள் எந்தத் தலம் எங்கே உள்ளது என்று அறியாமல் அலைந்த காலத்தில் அத்தகைய நூல் பெருந்துணை ஆயிற்று. தாம் அறிந்ததைப் பிறரும் எளிதில் அறிந்து பயன்பெற வேண்டும் என்னும் அருள் உள்ளம் அவருடைய எல்லாப் பணிகளிலும் விளங்குவதைக் காண்கிறோம்.

1909-ஆம் ஆண்டு அன்னார் முருகன் திருவடி நிழலை அடைந்தார்.

தந்தையின் வழியில் தனயன்

பெரியோர் தொடங்கிய பணிகள் அவர்களோடு முடிந்துவிடுவதை நாம் பல இடங்களிலும் காண்கிறோம். ஆலயப் பணியாயினும் தமிழ்ப் பணியாயினும், தந்தை தேடி வைத்த நூல்களைப் பிள்ளைகள் பழைய காகிதக் கடையில் போடுவது உலக வழக்காகிவிட்டது. பிள்ளையவர்கள் இல்லத்தில் அவ்வாறு நிகழவில்லை. அங்கே தந்தையின் பணி மைந்தரின் பணியாக வளர்ந்தது.

மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை, தந்தையார் ஏடு பார்ப்பதையும் படி ஒப்பிடுவதையும் கண்டு வளர்ந்தவர். முதற்பாகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 11. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பரிதிமாற் கலைஞர், மறைமலையடிகள் ஆகிய பேராசான்கள் தமிழ் கற்பித்த கல்லூரி அது. பின்னர்ப் பத்திரப் பதிவுத் துறையில் அரசாங்கப் பணி ஏற்றார். தந்தையைப் போலவே அவரும் ஓய்வு பெறும் வரை பணியைச் செவ்வனே ஆற்றினார். தந்தையைப் போலவே கிடைத்த நேரத்தையெல்லாம் முருகன் பணிக்கு ஈந்தார்.

அருணகிரிநாதரின் வரலாற்றையும் நூல்களையும் ஆராய்ந்து தனி நூல் எழுதினார். 1950-களில் முருகவேள் பன்னிரு திருமுறை என்னும் பெருந்தொகுதியை உரையுடன் வெளியிட்டார். சிவபெருமானுக்குப் பன்னிரு திருமுறை இருப்பது போல முருகனுக்கும் பன்னிரு திருமுறை வகுத்த பெருமை அவரையே சாரும். தந்தை பாடலைத் தேடித் தந்தார். மகன் பொருளை விளக்கித் தந்தார். இன்று நாம் திருப்புகழுக்குப் பொருள் அறிந்து பாடுகிறோம் என்றால் அதற்கு அவ்வுரை பெருங்காரணமாகும்.

இதனோடும் அவர் நிற்கவில்லை. தேவாரம், திருவாசகம், திருக்கோவையார் ஆகிய அருள்நூல்களுக்கு ஒளிநெறி என்னும் பெயரில் பொருளடைவு நூல்கள் செய்தார். எந்தச் செய்தி எந்தப் பதிகத்தில் வருகிறது என்பதைத் தலைப்பு வாரியாகப் பிரித்து அகர வரிசையில் அடுக்கித் தரும் நூல்கள் அவை. நிலப் பத்திரங்களை முறையாகப் பதிந்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஒழுங்கைத் தொழிலாகக் கொண்டவர், அதே ஒழுங்கை அருளாளர் திருவாக்குகளுக்கும் அமைத்தார் எனலாம். தணிகைமணி என்று தமிழுலகம் அவரைப் போற்றியது. 1972-ஆம் ஆண்டு, தம் 89-ஆம் வயதில் அவர் இறைவன் திருவடி சேர்ந்தார்.

1871 முதல் 1972 வரை ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே குடும்பம் திருப்புகழுக்கு விளக்கேற்றி வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் வைத்துச் செல்லும் பெற்றோர் பலர். ஒரு நல்ல பணியில் ஆசையை வைத்துச் சென்ற தந்தை இவர். மகனும் அந்த ஆசையையே தம் குலச் சொத்தாக ஏற்றுக் கொண்டார்.

பரவிய புகழ்

அச்சில் வந்த திருப்புகழ் பின்னர் நாடெங்கும் பரவிற்று. வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் ஊர் ஊராகச் சென்று திருப்புகழ் பாடிப் பாமரரையும் பாட வைத்தார். வழக்கறிஞராக விளங்கிய டி. எம். கிருஷ்ணசாமி ஐயர் திருப்புகழ் மணி என்றே பெயர் பெற்றார். திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் திருப்புகழ் அமிர்தம் என்னும் இதழை நடத்தினார். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பலமுறை எழுந்தருளித் தம் சொற்பொழிவுகளால் நம் செவிகளையும் குளிர வைத்தார். இவ்வருளாளர்கள் ஓதிப் பரப்புவதற்கு நூல் வேண்டுமல்லவா? அந்த நூலைக் கையில் எடுத்துத் தந்தவர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் பணி செய்த அந்த இளைஞரே.

எனினும் மீட்க இயலாமற் போனதும் ஒன்று உண்டு. ஏடு சொல்லைத் தாங்கும், பண்ணைத் தாங்காது. அருணகிரிநாதர் எந்த இசையில் பாடினாரோ அந்த இசை வடிவம் நமக்குக் கிட்டவில்லை. இன்று பாடப்பெறும் மெட்டுக்கள் பெரும்பாலும் பின்வந்த இசைவாணர்கள் அமைத்தவை. சந்தமும் தாளமும் மட்டும் சொல்லுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் பிழைத்தன. வாயால் வாயாகக் கற்பிக்கப்பெறும் செல்வம் ஒரு தலைமுறை தவறினால் எவ்வாறு மறைந்துவிடுகிறது என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

நமக்கு உரிய பாடம்

அன்புமிக்க அடியார்களே! பிள்ளையவர்கள் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் உள. வேலைப் பளுவினால் ஆலயப் பணிக்கு நேரமில்லை என்று நம்மில் பலர் கூறுகிறோம். நீதிமன்ற அலுவலுக்கு இடையே 30 ஆண்டுகள் ஏடு தேடியவரை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பின்னர் என்ன செய்வது என்று தயங்கும் பெரியோர்கள், ஓய்வுக் காலத்தையும் ஒளிநெறியாக்கிய அவருடைய திருமகனாரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளிலும் ஏடுகள் உண்டு. அவை பனையோலையாக இல்லாமல் இருக்கலாம். பாட்டி பாடிய காவடிச் சிந்து, தோட்டக் கோயிலில் ஓதிய பெரியவர் நினைவில் வைத்திருக்கும் பாடல், பழைய ஆலயத் திருவிழா மலர்கள், முன்னோர் கையால் எழுதி வைத்த பாட்டு நோட்டுப் புத்தகங்கள் ஆகியனவும் நம் செல்வங்களே. தோட்டங்கள் மறைந்து, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து, சிறு ஆலயங்கள் இடம் மாறிய நம் நாட்டில் இவை விரைவாக மறைந்து வருகின்றன. கேட்டு எழுதிக் கொள்வதற்கும் பதிவு செய்து வைப்பதற்கும் இன்று கருவிகள் பல உள்ளன. முயற்சி ஒன்றே வேண்டுவது.

குழந்தைகளை ஆலயத்தின் தேவார, திருப்புகழ் வகுப்புகளுக்குத் தவறாது அனுப்புங்கள். வாரம் ஒரு பாடலாயினும் பொருளுணர்ந்து பாடப் பழக்குங்கள். வீட்டில் தந்தையும் தாயும் உடன் அமர்ந்து பாடினால் பிள்ளையும் பாடும். செங்கல்வராயரைச் செங்கல்வராயராக ஆக்கியது தந்தையார் இல்லத்தில் நாள்தோறும் கண்ட காட்சியேயன்றி வேறில்லை.

அடுத்த முறை நம் சன்னதியில் திருப்புகழ் ஒலிக்கும்போது, அருணகிரிப் பெருமானை வணங்கிய பின்னர், அவர் பாடலைத் தேடித் தந்த சுப்பிரமணிய பிள்ளை அவர்களையும் ஒரு கணம் நன்றியோடு நினைப்போமாக. எல்லாம் வல்ல முருகப் பெருமான் நம் இல்லங்கள்தோறும் அத்தகைய தந்தையரையும் அத்தகைய மைந்தரையும் தந்தருள வேண்டுமென அவன் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோமாக.

வேலும் மயிலும் துணை.